விதவைக்கு வெளிச்சம் இல்லை

துப்பறிவாளரின் உதவியாளன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அவர் தன்னைத் துப்பறிவாளர் என்று சொல்லிக்கொள்ளும்போதுதான் கூச்சமாக இருக்கும்.

மாஸ்டர் போன்சுவுக்குப் பிழைப்பு என்னவோ கேமரா ஃபிளாஷ் ரிப்பேர்தான். எங்கள் குமாசி நகரத்தில் கல்யாணம், சாவு, ஞானஸ்நானம் என்று படம் எடுத்துப் பிழைக்கிறவர்களின் ஃபிளாஷ்கள் கண் மூடினால் எங்கள் கடைக்குத்தான் வரும். வாசலில் பலகை இருக்கிறது: ‘கர்த்தர் காண்கிறார் ஃபிளாஷ் மருத்துவமனை. ஒருமுறை தொட்டால் மறுமுறை வராது.’ வராதது பழுதா, வாடிக்கையாளரா என்று பலகையில் இல்லை.

துப்பறிவது அவருக்கு உபதொழில். போன வருஷம் சர்ச்சில் மேளம் காணாமல் போனது. நாங்கள் ஒரு வாரம் பாட்டுக்குழுத் தலைவரைப் பின்தொடர்ந்தோம். கடைசியில் மேளம் எங்கள் கடையிலேயே இருந்தது. தோல் மாற்ற எடுத்துவந்து மாஸ்டர் மறந்துவிட்டார். நான் அதன்மேல் உட்கார்ந்துதான் சந்தேகத்துக்குரியவர்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் போட்வே. எட்டாவது பிள்ளைக்கு எங்கள் ஊரில் வைக்கிற பெயர். வீட்டில் எது உடைந்தாலும் பழி மேலிருந்து ஒவ்வொரு தலையாக இறங்கி என்னிடம் வந்து நிற்கும். அதனால் இந்த வேலைக்கு நான் இயல்பாகவே பொருத்தமானவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாஸ்டர் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கறுப்பு வெள்ளைத் துணியை இடது தோளில் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து மாட்டினார். அந்தக் கண்ணாடியின் கால்கள் வெகு காலம் செம்புக் கம்பியில் ஊசலாடிக்கொண்டிருந்தன. போன மாதம் ஒருநாள் திடீரென்று நிமிர்ந்துவிட்டன. அன்றிலிருந்து அவர் நெற்றிப்பொட்டு இரண்டிலும் கீறல். கேட்டால் கொசு என்பார். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் அளந்து கடிக்கிற கொசுவை நான் பார்த்ததில்லை. ஆனால் சோறு போடுகிறவர் சொன்னால் கொசுதான்.

அப்போதுதான் போட்டோக்காரர் டொன்கோர் வந்தார். கேமராப் பையை ஜுரம் வந்த குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார்.

"மாஸ்டர், இதுல பேய் இருக்கு."

"அது இருக்கட்டும். பேட்டரி இருக்கா?"

"விளையாடாதீங்க. நேத்து ஒடுரோவோட சாவு எடுத்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருந்தாரே, அவர்தான். எல்லாருக்கும் ஃபிளாஷ் அடிக்குது. அவர் பொண்டாட்டி செர்வா வந்து நின்னா மட்டும் அடிக்க மாட்டேங்குது. காலைல ஒரு தடவை, பிரேதத்துக்குத் துணி சாத்தும்போது ஒரு தடவை, அடக்கம் முடிஞ்சு ஒரு தடவை. அவ நகர்ந்தா அடுத்த படம் பளிச்சுன்னு வருது."

நான் தின்றுகொண்டிருந்த வடையைக் கீழே வைத்தேன்.

"ஒடுரோவோட அக்கா ஃபோரிவா அம்மா பாத்துட்டாங்க" என்றார் டொன்கோர். "உடனே பிரிண்ட் போடச் சொல்லி, இருட்டுப் படத்தையெல்லாம் பந்தல் பந்தலாக் காட்டிட்டாங்க. தம்பி செத்தும் இவ மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறான், இவ மேல என்ன கோபமோன்னு. இன்னிக்கு சர்ச் முடிஞ்சதும் குடும்பம் கூடி உக்காருது. செர்வாவ வீட்டை விட்டு அனுப்பிடணும்னு பேச்சு."

"விதவையை அப்படித் துரத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கே" என்றேன்.

"அதையேதான் நானும் சொன்னேன். புருஷனே வேண்டாம்னு சொன்னப்புறம் கோர்ட்டுல வந்து யாரு சாட்சி சொல்வான்னு கேக்கறாங்க." அவர் குரல் தழைந்தது. "அந்தப் பொண்ணும் நம்ப ஆரம்பிச்சிருச்சு மாஸ்டர். அவர் ஆஸ்பத்திரில கண்ணை மூடினப்போ இது சூப் எடுத்துட்டு வர வீட்டுக்குப் போயிருக்கு. அந்தக் கோபம் அவருக்குத் தீரலன்னு நேத்துப் பூரா அழுதுச்சு. எடுத்தது என் கேமரா. எனக்குச் சோறு இறங்கல."

மாஸ்டர் சர்ச்சை மறந்தார். துணியை இழுத்து முடிந்துகொண்டு ஃபிளாஷைக் கையில் எடுத்தார். அதன் கழுத்தைச் சுற்றிக் கறுப்பு டேப், டேப்பின் நுனியில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு. போன மாதம் டொன்கோர் கீழே போட்டு, கேமராவில் செருகுகிற அடிப்பாகம் உடைந்து வந்தபோது, புது அடிப்பாகம் பொருத்தி மாஸ்டர் வைத்த முத்திரை அது. நகப்பூச்சு அவர் மனைவியுடையது. அந்த அம்மாளுக்கு இன்னும் தெரியாது.

"சாட்சியை விசாரிப்போம்" என்று சோதனைப் பொத்தானை அழுத்தினார். பளிச். கேமராவில் மாட்டி என்னைப் பார்த்து அழுத்தினார். பளிச். எனக்குக் கொஞ்ச நேரம் பச்சைப் பச்சையாகத் தெரிந்தது.

"பேட்டரி" என்றார் தீர்மானமாக. "விதவை எப்பவும் கடைசியில வருவா. அதுக்குள்ள பேட்டரி களைச்சிருக்கும்."

"காலைல முதல் படமே அவங்கதான் மாஸ்டர்" என்றார் டொன்கோர்.

"அப்ப சூடு. தொடர்ந்து அடிச்சா ஃபிளாஷ் சூடாகித் தூங்கிடும்."

"முதல் படத்துக்கு எப்படிச் சூடாகும்?" என்றேன்.

"நீ வடையைத் தின்னு."

மூன்றாவதாகக் கறுப்புத் துணி வெளிச்சத்தைக் குடித்துவிட்டது என்றார். சாவு வீட்டில் அத்தனை பேரும் கறுப்பும் சிவப்பும்தான் கட்டியிருந்தார்கள் என்று டொன்கோர் பணிவாகச் சொன்னார். மாஸ்டர் நெற்றிப்பொட்டைத் தடவிக்கொண்டு மௌனமானார். மௌனம் அவருடைய நான்காவது கொள்கை. பெரும்பாலும் அதுதான் சரியாக இருக்கும்.

இதற்கிடையில் நான் டொன்கோர் பையில் கொண்டுவந்திருந்த இன்னொரு செட் பிரிண்டுகளை மேசையில் பரப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் மேசை குறுகல். பாதியை ஒரு மின்விசிறியின் பிணம் அடைத்திருந்தது. வெளிச்சப் படங்கள் வரிசையாக உட்கார்ந்தன. இருட்டுப் படங்கள் மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு கீழே விழுந்தன. எடுத்து வைத்தேன். மறுபடி விழுந்தன.

"என்னடா சத்தம்?"

"கறுப்புப் படம் எல்லாம் நெட்டையா இருக்கு மாஸ்டர், உக்கார மாட்டேங்குது. வெளிச்சப் படம் எல்லாம் குட்டையாப் படுத்திருக்கு."

சொல்லிவிட்டு வடையைக் கடித்தேன். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். புத்திசாலித்தனமாக ஏதாவது சொல்லிவிட்டால் எனக்குத்தான் கடைசியில் தெரியும்.

மாஸ்டர் படங்களின் மேல் குனிந்தார். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்தவர்கள், சங்கத்துக்காரர்கள், சம்பந்திகள் எல்லாம் அகலப் படங்கள். விதவை மட்டும் தனியாக நிற்கிறாள். தலைக்கட்டிலிருந்து செருப்புவரை துணி முழுக்கத் தெரியாவிட்டால் சாவுப் படத்துக்கு எங்கள் ஊரில் மதிப்பு இல்லை. ஆகவே டொன்கோர் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பியிருக்கிறார்.

"செர்வா குழந்தைங்களோட உக்காந்து ஒண்ணு எடுத்திருப்பியே, அது?"

"அது பளிச்சுன்னு வந்துச்சு. பிள்ளைங்க முகத்துக்காக அவர் மனசு இரங்கிட்டார்னு பேசிக்கிட்டாங்க."

"அவர் இரங்கல. நீ கேமராவைப் படுக்கவச்சே." மாஸ்டர் கேமராவைத் திருப்பிப் பிடித்து அழுத்தினார். ஒன்றும் இல்லை. நேராக்கினார். பளிச். திருப்பினார். இருட்டு.

டொன்கோர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நேற்றிலிருந்து அவர் மேல் ஏறியிருந்த பேய் இறங்குவதை என் கண்ணால் பார்த்தேன்.

"அடிப்பாகம் ஆடுது" என்றார் மாஸ்டர். "நேரா நிக்கிறப்போ தன் கனத்துல அழுத்திக்கிட்டு கேமராவத் தொடும். பக்கவாட்டுல சாஞ்சா விலகிடும். போட்வே, ஸ்க்ரூடிரைவர எடு. கிளம்பு."

"இங்கயே திறந்து பாத்துடலாமே மாஸ்டர்?"

"சம்பவ இடத்துல திறக்கணும். கூட்டத்துக்கு முன்னாடி."

இங்கேயே திறந்திருந்தால் இந்தக் கதை இந்த இடத்தில் மரியாதையாக முடிந்திருக்கும்.

*

ஒடுரோவின் வீட்டு வாசலை அடைத்துப் பந்தல். ஒலிபெருக்கிகள் ஆள் உயரம். எல்லோரும் அடக்கத்துக்கு மறுநாள் கட்டுகிற கறுப்பு வெள்ளையில் இருந்தார்கள். வீட்டுக்குள் கூடத்தில் திரைச்சீலை இழுத்துவிட்ட அரையிருட்டில் குடும்பம் கூடியிருந்தது. நடுவில் ஒடுரோவின் தாய்மாமன், குடும்பத் தலைவர்; மரியாதைக்கு எல்லோரும் நானா என்பார்கள். அவருக்கு வலதுபக்கம் ஃபோரிவா அம்மா, மடியில் இருட்டுப் படங்களுடன். சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் செர்வா. அழுது முடித்த முகம். எழுந்து போகச் சொல்வார்கள் என்று தெரிந்து, கால்மாட்டில் ஒரு பையையும் கட்டி வைத்திருந்தாள். அந்தப் பையைப் பார்த்ததும் எனக்கு வாய்க்கொழுப்பு அடங்கிவிட்டது.

மாஸ்டர் குனிந்து வணங்கினார். "நானா, பேசறதுக்கு முன்னாடி ஒரே ஒரு படம். ஃபோரிவா அம்மா தனியா நிக்கிற மாதிரி. தம்பிக்குத் துக்கம் காத்த அக்கா, முழுத் துணியும் தெரியணும்."

அந்த அம்மாள் மறுப்பு சொல்லவில்லை. எழுந்து, துணியை உதறி, தாடையை உயர்த்தி நின்றார். டொன்கோர் கேமராவைத் திருப்பினார்.

கிளிக். இருட்டு.

"மறுபடி எடு" என்றார் ஃபோரிவா.

கிளிக். இருட்டு. கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மூன்றாவது தடவைக்கு அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"நேத்து நீங்க சொன்ன அர்த்தம்தாம்மா" என்றேன். மாஸ்டர் என் காலை மிதித்தார்.

டொன்கோருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "நானா, என்னை மன்னிக்கணும். நேத்து உங்களைத் தனியா நிக்கவச்சு, கோலோட ஒண்ணு எடுத்தேனே, அதுவும் இருட்டுதான். பயந்துபோய் ஒளிச்சு வச்சுட்டேன்."

கிழவர் அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "என் மேல அவனுக்கு என்ன கோபம்? என் ஏணிய வாங்கிட்டுப் போய் திருப்பித் தராமலே செத்தான். கோபப்பட வேண்டியவன் நானு."

சிரிப்பு பரவியது. மாஸ்டர் அந்தச் சிரிப்பில் ஏறி நின்று, நிற்கிற படம், படுக்கிற படம், ஆடுகிற அடிப்பாகம் எல்லாவற்றையும் விளக்கினார். நன்றாகவே விளக்கினார். செர்வா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெற்றி பெற்றுவிட்டோம் என்று நினைத்தேன். நான் அப்படி நினைக்கும்போதெல்லாம் ஏதாவது நடக்கும்.

"ஆடுது, சரி" என்றார் ஃபோரிவா. "ஏன் ஆடுது? ரிப்பேர் பண்ணிக் குடுத்ததா நீங்களே சொல்றீங்க. யார் வந்து கழட்டினா?"

"நடுவுல வேற யாரும் தொடலம்மா" என்றார் டொன்கோர். "ரிப்பேருக்கு அப்புறம் எடுத்ததெல்லாம் பாட்டுக்குழு, பள்ளிக்கூடக் கூட்டம். எல்லாம் அகலப் படம். பை என் தோளை விட்டு இறங்கல."

"மனுஷன் யாரும் தொடல. ஆனா கழண்டிருக்கு." அவர் நானாவின் பக்கம் திரும்பினார். "அப்ப கழட்டினது யாரு? என் தம்பிதான். மூணு பேர் மேலயும் கோபம்னா மூணு பேரும் பரிகாரம் பண்ணுவோம். ஆனா முதல் படம் இவளோடது. முதல்ல இவ போகணும்."

நானா சிரிப்பை நிறுத்தி யோசிக்கத் தொடங்கினார். செர்வா பையின் காதைப் பிடித்தாள்.

"மனுஷக் கை தான்மா. இப்பவே காட்டறேன்" என்றார் மாஸ்டர். இந்தத் தருணத்துக்காகத்தான் அவர் சர்ச்சை விட்டுவிட்டு வந்திருந்தார். ஃபிளாஷைத் தலைக்குமேல் உயர்த்திச் சுற்றிலும் காட்டினார். "இது என் கடை முத்திரை. பொட்டு கலையல. டேப் பிரியல." டேப்பை உரித்தார். உள்ளே நான்கு துளைகள். இரண்டில் திருகாணி, இரண்டு காலி. "பாத்தீங்களா? ரெண்டு திருகாணியக் காணோம். ஆவிக்குத் திருகாணி எதுக்கு? இது திருட்டு. முத்திரை உடையாததால இதை வெளியாள் யாரும்..."

அத்தோடு நின்றுவிட்டார்.

முத்திரை உடையவில்லை. வெளியாள் தொடவில்லை. மிச்சம் இருக்கிற ஆட்களை எண்ணக் கூடத்துக்கு அதிக நேரம் ஆகவில்லை. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. மாஸ்டரின் தலையும் திரும்பியது. எட்டாவது பிள்ளைக்கு இது பழகிய இடம். நான் கூட ஒரு நிமிஷம் என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன்.

மாஸ்டருக்கு வேர்த்தது. கண்ணாடியைக் கழற்றி, வழக்கம்போல, துடைத்துக் கொடு என்று என்னிடம் நீட்டினார். துடைத்தேன். கண்ணாடியின் கால் மடங்குகிற இடத்தில் என் விரல் சுருக்கென்றது. பார்த்தேன். இரண்டு பக்கமும் கறுப்புத் திருகாணி, அளவு கொஞ்சம் நீளம், நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் கொசு.

ஃபிளாஷில் மிச்சம் இருந்த இரண்டையும் பார்த்தேன். ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்கள் உண்டு. மூக்கின்மேல் வைத்துக்கொண்டு அலைந்தது எங்கள் கம்பெனி மட்டும்தான்.

"மாஸ்டர்" என்று மெதுவாகச் சொல்லி, அவர் விரலைப் பிடித்து அந்த நுனியில் வைத்தேன்.

அவர் முகத்தில் போன மாதம் முழுவதும் திரும்பி வந்தது. சும்மா இருந்திருக்கலாம். பழியை என்மேல் விட்டிருக்கலாம், நானும் வாங்கியிருப்பேன். பேய் என்றே விட்டிருந்தாலும் கடை பிழைத்திருக்கும். குமாசியின் பாதி போட்டோக்காரர்கள் சாவு வீட்டுப் பந்தலில்தான் இருந்தார்கள். அவர் ஒருமுறை செர்வாவின் பக்கம் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு அவள் வெறும் கறுப்பு வெள்ளை மங்கலாகத்தான் தெரிந்திருப்பாள்.

"நானா" என்றார். "திருடன் நான்தான். கண்ணாடி உடஞ்சிருந்துச்சு. ரிப்பேர் பண்றப்போ ரெண்டு திருகாணிய எடுத்து இதுல போட்டுக்கிட்டேன். அப்புறமா வேற வாங்கிப் போடலாம்னு இருந்தேன். மறந்துட்டு மேல முத்திரை குத்திட்டேன். ஒடுரோ பெரியவர் யார் மேலயும் கோபப்படல. கோபப்படணும்னா என் மேலதான் படணும்."

ஃபோரிவா வாயைத் திறந்தார். நானா கையை உயர்த்தினார்.

"நம்பறேன்" என்றார் கிழவர். "ஆவிகூட இவ்வளவு முட்டாள்தனமாப் பண்ணாது."

மாஸ்டர் கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். நான் திருகாணிகளைக் கழற்றினேன். கண்ணாடி மூன்று துண்டாக என் மடியில் விழுந்தது. காலித் துளைகளில் அவற்றைப் போட்டு இறுக்கினேன். வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு இறுக்கியதில்லை. டொன்கோர் ஃபிளாஷை மாட்டி, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினார்.

"செர்வா அக்கா, வந்து நில்லுங்க."

அவள் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை இருட்டு விழுந்தால் தாங்கமாட்டாள் என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்தது, ஃபோரிவாவுக்கும்கூட. கடைசியில் அந்த அம்மாளே எழுந்து போய், செர்வாவின் தோளில் நழுவியிருந்த துணியைச் சரிசெய்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு படத்தில் விழாத தூரத்துக்கு விலகிப் போனார்.

டொன்கோர் அழுத்தினார்.

கூடம் முழுக்க வெள்ளை. கணவரின் பெரிய படம் சுவரில் மினுங்கியது. செர்வா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நேற்று அழுத அழுகை இல்லை இது.

"அடிச்சுதாடா?" என்று மாஸ்டர் என் தோளைப் பிடித்தார். "ஏதோ வெளுப்பா வந்துச்சு. அதுதானா?"

"அதுதான் மாஸ்டர்."

"பலகைய நாளைக்கு இறக்கிடு."

"ரெண்டாவது வரிய மட்டும் அழிச்சாப் போதும்" என்றேன். "கர்த்தர் காண்கிறார்ங்கறது உண்மையாத்தான் போச்சு."

செர்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு டொன்கோரிடம் வந்தாள். "எப்படி வந்திருக்கு?"

டொன்கோர் கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "வெளிச்சம் நல்லா வந்திருக்கு அக்கா. நீங்கதான் கண்ணை மூடிட்டீங்க."

அவள் தன் நாற்காலிக்குத் திரும்பி, பையைக் காலால் அதன் அடியில் தள்ளினாள்.

"பரவால்ல. இன்னொரு நாள் வந்து எடு. நான் இங்கதான் இருப்பேன்."